ஒரு சொட்டும் கசியவில்லை

யூக்ராவின் லேண்ட் குரூசருக்கு
ஆயில் பிரஷர் சென்சார் மாற்றியது நான்தான்.
உயுனியில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
தகரக் கதவில் நில்டா கொல்கே என்று
பச்சை பெயிண்டில் எழுதிய ஷெட்டில்.
ஜூலை மாதம். காலை ஒன்பது மணிக்கும்
ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது.

உப்புப் பெறாத வேலை.
பழையதைக் கழற்று, புதியதைத் திருகு.
கூம்பு மரை, போகப் போக இறுகும்.
ஆனாலும் சூடான எண்ணெய்க்கு
வதந்தி நுழையும் இடம் போதும்.
எதையாவது பூச வேண்டும், இல்லையென்றால் சுற்ற வேண்டும்.

அலமாரியில் பசை ட்யூப்
கடைசி மடிப்பு வரை பிதுக்கப்பட்டுக் கிடந்தது.
அடுத்தது ஒருரோவிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும்.
பக்கத்தில் வெள்ளை டேப்,
வீட்டுச் சமையலறைக் குழாய்க்கென்று வாங்கியது.
வாசலில் யூக்ரா ஹாரனை விடாமல் அடித்தான்.
ஆறு பயணிகள், மூன்று நாள், முன்பணம் வாங்கியாயிற்று.
நான்கு சுற்றுச் சுற்றினேன்.
ஐந்தாவது, மனசாட்சிக்காக.

இஞ்சினை ஓடவிட்டு, அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன்.
ஒரு சொட்டும் இல்லை.
அட்டையை மடித்து வைக்கும்போது
கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்த சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்.
திரும்பி வர வழி
அதன் உடம்பு, அதன் மரை, இஞ்சினின் இரும்பு.
இரும்பை இரும்பு தொட்டால்தான் அதற்கு வாய்.
அந்த வாயில்தான் நான் கட்டுப் போட்டிருந்தேன்.
எங்கோ ஒரு மரை விளிம்பு டேப்பைக் கிழித்து
மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்திருக்கும்.
தொண்ணூறு கிலோமீட்டர் அதிர்வில் அதுவும் விட்டது.

முள் விழுந்தது.
யூக்ரா நல்ல டிரைவர், பூஜ்யம் என்றால் பூஜ்யம்.
சாவியைத் திருப்பி அணைத்துவிட்டான்.
உள்ளே எண்ணெய் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.
அதை அவனுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.
நாலு பக்கமும் உப்பு,
கண்ணுக்கெட்டும் வரை என் டேப்பின் நிறம்.

இரவு மைனஸ் பதினெட்டு.
ஏழு பேர், நான்கு போர்வை,
ஒரு பிளாஸ்க் கோகா இலைத் தண்ணீர்.
ஒரு டச்சுக்காரர் டிப்ஸ்டிக்கை மூன்று தடவை எடுத்துப் பார்த்தாராம்.
அளவு சரியாக இருந்ததாம்.
அதனால்தான் பயம் அதிகமானதாம்.

மறுநாள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
மீட்டரின் ஒரு முனையை சென்சார் மேலும்
மறுமுனையை பிளாக்கிலும் வைத்தேன்.
எண்ணே வரவில்லை.
கழற்றினால் பள்ளமெல்லாம் வெள்ளை நார்,
நுனியில் ஒரு பிசிறு
எண்ணெய் வழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு.
யூக்ரா திட்டவில்லை.
"மரை கழண்டது இதற்கா, உனக்கா?" என்று மட்டும் கேட்டான்.

சாயங்காலம் பஸ் பசையைக் கொண்டுவந்தது.
விசித்திரமான பசை அது.
காற்றுப்பட்டால் வருஷக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.
இரண்டு உலோகங்கள் நெருக்கி
மூச்சுவிட இடமில்லாமல் போனால்தான் கெட்டிப்படும்.
மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து,
நுனியில் இரண்டு சுற்றை வெறுமனே விட்டு
மீதியில் மெல்லிசாகப் பூசினேன்.
இறுக்கும்போது இரும்பு பசையைப் பிதுக்கித் தள்ளிவிட்டு
இரும்பைத் தேடிப்போய்க் கடிப்பது கைக்குத் தெரிந்தது.

மீட்டர் பூஜ்யம் காட்டியது.
யூக்ராவின் முகம் வெளுத்துவிட்டது.
இல்லையப்பா, இது வேற பூஜ்யம்,
நடுவில் தடை எதுவும் இல்லை என்கிற பூஜ்யம், என்றேன்.
நம்பவில்லை.
இரவு முழுக்கப் பசை இறுகும்வரை
வண்டிக்குள்ளேயே படுத்திருந்து,
விடிந்ததும் சாவியைத் திருப்பி
முள் எழும்புவதைப் பார்த்த பிறகுதான்
காசை எண்ணித் தந்தான். பாதிக் காசு. வாங்கிக்கொண்டேன்.

டேப்பை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
குழாய்க்குச் சொல்ல எதுவும் இல்லை,
அதற்கு எத்தனை சுற்றும் சுற்றலாம்.
தெரியும்.
இரண்டு மாதமாக ஜன்னலோரம் கிடக்கிறது டேப்.
குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.